நினைவஞ்சலியில் என் படம்

கிள்ளான்,
19.8.1996

அன்பு மகள் சந்திரகலாவுக்கு,

அம்மா நல்லம்மாள் உயிரோடும் நல்ல சுகத்தோடும் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. காலையில் இரண்டு தோசை சாப்பிட்டேன், காப்பி குடித்தேன், உன் அண்ணி புஷ்பவல்லியோடு சட்னியில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு சின்னச் சண்டையும் போட்டேன். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அங்கே பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பத்துமலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை போனில் பேசியதெல்லாம் ஒரு பேச்சா? நீ அழ, நான் கத்த, பக்கத்தில் உன் அண்ணன் மூக்கைச் சிந்த, கடைசியில் பேட்டரி தீர்ந்துபோய் எல்லாம் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று உனக்குப் பாதிகூட விளங்கியிருக்காது. அதனால்தான் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ இந்த வீட்டுப் பக்கம் வந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா தவறியபோது உன் அண்ணன் ஜெயராஜ் அடித்த தந்தி, நீ காலி பண்ணிவிட்டுப் போன பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்தது. உனக்கு விஷயம் தெரிந்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ‘அப்பா முகத்தக்கூட பாக்க விடாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?’ என்று அவனிடம் கேட்டாய். சொன்னபடியே இருந்துவிட்டாய். கடிதம் வருகிறது, தீபாவளி வாழ்த்து வருகிறது, பேரனின் படம் வருகிறது, நீ மட்டும் வரவில்லை. ஐந்து மணி நேர விமானப் பயணம்தான் என்கிறார்கள். நானும் வா வா என்று எழுதிச் சலித்துப்போய் விட்டுவிட்டேன். இந்தப் பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியும், அந்த மனிதர் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு எட்டாவது நினைவு நாள்தான் சனிக்கிழமை. வருஷா வருஷம் தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவோம் அல்லவா? வழக்கமாகப் போடும் படம் மங்கிவிட்டது என்று, நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் ஜோடியாக எடுத்த படத்தை ஜெயராஜ் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அப்பா மட்டும் போதும் என்பதால் என் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கிறான், இது வேண்டாம் என்று. வாயைத் திறந்து அதைச் சொன்னானா? இல்லை. ஹேண்ட்போனைக் காதில் வைத்து, துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்கைப் பற்றி யாரோடோ பேசிக்கொண்டே படத்தை நீட்டிவிட்டு வந்துவிட்டான். அவர்கள் குறி போட்ட முகம்தான் வேண்டும் என்று நினைத்து, உன் அப்பாவை வெட்டித் தள்ளிவிட்டு என்னைப் போட்டுவிட்டார்கள்.

நான் பத்திரிகையைப் பின்னாலிருந்து படிக்கிறவள், உனக்குத் தெரியும். யார் யார் போனார்கள் என்று பார்த்த பிறகுதான் நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். சனிக்கிழமை காலையில் கண்ணாடி போடாமல் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பாவம், நல்ல களையான பொம்பளை, இந்த வயசிலேயே போய்விட்டாளே என்று உச்சுக் கொட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தால், அட கடவுளே, நான்! உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குபுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு மாமியார் என்ன சொல்வாளோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே ரெங்கசாமி என்று பெயரும், எட்டாம் ஆண்டு என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூக்குத்தி போட்ட ரெங்கசாமியை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆனால் எழுத்தை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்ததும் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுப் போனைத் தூக்கிவிட்டார்கள். முதல் போனை நான்தான் எடுத்தேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த பழனியப்பன் அண்ணன். ‘நல்லம்மாவுக்கு என்னாச்சு, காரியம் எத்தன மணிக்கு?’ என்றார். ‘நல்லம்மாதான் பேசறேன், இன்னும் முடிவு பண்ணல அண்ணே’ என்றேன். ‘முருகா!’ என்று ஒரு சத்தம் கேட்டது, அதோடு போனை வைத்துவிட்டார். அவர் பயந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருந்த மாரியாயி அக்காவும், அவர் மகள் தனலெட்சுமியும், அதுதான் உன்னோடு படித்தவள், பெரிய மாலையோடு இறங்கினார்கள். அக்கா கேட்டைத் திறப்பதற்குள்ளேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். நான் ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ‘உள்ள வாங்கக்கா, காப்பி குடிச்சிட்டு அழுவுங்க’ என்றேன். அவர் அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுச் சீன ஆன்டி ஓடிவந்து தைலம் தேய்த்துவிட்டாள்.

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தனலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, ‘ஐயோ ஆன்டி, நான் சந்திராவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே!’ என்றாள். பத்திரிகையைப் பார்த்த உடனே, வீட்டுக்காரரின் ஹேண்ட்போனை வாங்கி, அவர் கடை வாசலில் நின்றபடியே உன்னைக் கூப்பிட்டுவிட்டாளாம். அப்பா செத்தது நிஜம், அந்தச் செய்தி உனக்குச் சேர ஒரு வாரம் ஆனது. நான் செத்தது பொய், அது காலைப் பசியாறுவதற்குள் கடல் தாண்டிப் போய்விட்டது. இது என்ன காலமடி? அங்கே என் பிள்ளை எங்கே விழுந்து கிடக்கிறாளோ, யார் தூக்கிவிடுவார்களோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

நம் வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. நீ கூப்பிட்டிருந்தாலும் கிடைத்திருக்காது, துக்கம் கேட்டு மாற்றி மாற்றிப் போன் வந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி அந்த ஹேண்ட்போனைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். உன் அண்ணனைக் கூப்பிட்டால் கிடைக்கவே இல்லை. ஊரில் எல்லாரும் பாசாரில் மீன் வாங்கும்போதுகூடக் காதில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள், நமக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் எடுக்க ஆளில்லை. உன் அண்ணனுடைய அந்த ஹேண்ட்போன் சனியனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு சாப்பிடுவான், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு வைப்பான். தூக்கி அடுப்பில் போடப்போகிறேன் என்று போன வாரம்கூடச் சொன்னேன். சனிக்கிழமை அதற்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை நாள் வேலை முடிந்து அவன் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிப்போய்விட்டது. நம் வீட்டில் கேட்டுக்கு வெளியே கால்வாய் ஓரம் நின்றால்தான் சத்தம் தெளிவாகக் கேட்கும். அங்கே போய், ஹேண்ட்போனின் ஏரியலை இழுத்துவிட்டு உன் நம்பரை அழுத்தினான். நான் நம்பர் எழுதிய காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவன் எதையும் பார்க்காமலே அழுத்தினான். எட்டு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவனுக்கு அது மனப்பாடமாக இருந்தது, சந்திரா. ‘சந்திரா, அண்ணன்...’ என்றான். நீ என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாய், அவன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பிக்கொண்டு என்னிடம் நீட்டிவிட்டான்.

நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். உன் அண்ணி ஓடிவந்து திருப்பிவிட்டாள். நான் ‘அம்மாடி’ என்றால், ‘யார் பேசறது?’ என்கிறாய். எனக்கு வந்ததே கோபம். ‘ஏண்டி, பெத்தவ குரல்கூடவா தெரியல, காலைலேருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா இல்லியா?’ என்று கத்தினேன். திட்டு விழுந்த பிறகுதான் நீ ‘அம்மா’ என்றாய். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. கம்பி இல்லை, கயிறு இல்லை, கால்வாய் ஓரத்தில் நிற்கிற என் காதுக்குள் நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இனிமேல் அதைச் சனியன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றுத் தட்டுப் பக்கத்தில் வைத்தால் அடுப்புதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அப்பா படத்தைப் போட்டு, தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். செத்ததற்குக் கால் பக்கம் கொடுத்தவர்கள், பிழைத்ததற்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது, இன்று காலையிலும் செலாயாங்கிலிருந்து ஒருவர் துக்கம் கேட்டுப் போன் பண்ணினார்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி கட்டி, அன்று இரவே கிளம்ப டிக்கெட்டும் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். ‘ஒரு மாசத்துக்குள்ள வேற தேதி மாத்திக்கலாமாம், இல்லன்னா திருப்பிக் குடுக்கலாமாம். அதான் நீ நல்லாருக்கியே, நான் திருப்பிக் குடுத்துடறேம்மா’ என்றாய். நானும் ‘சரிம்மா’ என்று சொல்லித் தொலைத்தேன். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், வேறு என்ன சொல்வது? அதற்குள் பேட்டரியும் போய்விட்டது. சரி இல்லை சந்திரா. எனக்கு அது சரியே இல்லை. இரண்டு நாளாக அந்த ‘சரி’க்காக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனை எடுத்த உடனே நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று ஜெயராஜ் நேற்றுதான் என்னிடம் சொன்னான். சொல்லும்போதும் அழுதான். ‘அம்மாவ எடுத்துடாதீங்கண்ணே, இந்த வாட்டியாச்சும் நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கண்ணே’ என்று கெஞ்சினாயாமே.

யாரும் என்னை எடுக்கவில்லையடி. நீ கேட்டபடியே வெச்சிருக்கிறார்கள். தேதியை மாற்றிக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு வா. விமான நிலையத்துக்கு உன் அண்ணன்தான் வருவானாம், வேறு யாரையும் அனுப்ப மாட்டானாம்.

குறைவில்லாமல் நூறு வயது இரு, மகளே.

உன் வரவை உயிரோடு எதிர்பார்த்திருக்கும்
அம்மா
ரெ. நல்லம்மாள்