மீன் தொட்டிக்கு ஹைப்போ போட்ட மதினிக்கு

மதினி, இன்று காலை பேரன் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினான். குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. ஒரு சின்ன பாட்டிலைக் கவிழ்த்து வாளியில் சில சொட்டு விட்டான், கலக்கினான், தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிட்டான். அவ்வளவுதான் வேலை. இந்தச் சொட்டு மருந்து அந்தக் காலத்தில் நம் சிவகாசி வீட்டில் இருந்திருந்தால், நீங்கள் அத்தனை பேச்சுக் கேட்டிருக்க வேண்டாமே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் உங்களுக்குக் குழந்தை இல்லை. பொழுது போகட்டும் என்று அண்ணன் மதுரையிலிருந்து கண்ணாடித் தொட்டியும் சிவப்பு மீன்களும் வாங்கி வந்தார். கிணற்றுத் தண்ணீரில் அவை நன்றாகத்தான் இருந்தன. கோடையில் கிணறு வற்றியதும் தெருக் குழாய்த் தண்ணீரை ஊற்றினீர்கள். மறுநாள் காலை எல்லாம் மிதந்தன. புதிதாக வாங்கி விட்டாலும் அதே கதை.

"அவ கை ராசி அப்பிடி. அவ தொட்டா எது தங்குது?" என்றாள் அம்மா.

மீனை மட்டுமா சொன்னாள்? நீங்கள் முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கல்யாணமாகாத பெண்ணின் பேச்சு அந்த வீட்டில் எங்கே எடுபடும்?

அண்ணனுக்குக் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் கேமரா ரூம் வேலை. பிலிம் கழுவ அங்கே ஹைப்போ வைத்திருப்பார்கள். அதில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். "குழாத் தண்ணில கெடக்குற மருந்த இது முறிச்சிருமாம். மெட்ராசுல மீன் வளக்குறவுக இதத்தான் போடுறாகளாம்" என்றார்.

பார்க்கக் கல்கண்டு மாதிரி இருந்தது. வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கரையும்வரை கலக்குவீர்கள். தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் மொண்டுவிட்டு, புதுத் தண்ணீரை மெதுவாக விடுவீர்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. அப்போதும் அம்மா நம்பவில்லை. "இது கெட்டி மீனு, அதான் கெடக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு தடவை நீங்கள் சாத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தீர்கள். தொட்டி கலங்கிக் கிடக்கிறதென்று அம்மாவே தண்ணீர் மாற்றினாள். "ஹைப்போ போடணும்மா" என்றேன். "ஏங் கைக்கு அதெல்லாம் வேண்டாம்ட்டி" என்று குழாயில் பிடித்த குடத்தை அப்படியே கவிழ்த்தாள். விடிந்து பார்த்தால் ஒரு மீன் மிச்சமில்லை.

மதியம் நீங்கள் வந்து இறங்கியபோது அம்மா அடுப்படியில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் தொட்டியைப் பார்த்தீர்கள், அம்மாவைப் பார்த்தீர்கள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பீர்கள் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது.

நீங்களோ, "சாப்பிட்டீகளா அத்தை?" என்றீர்கள்.

"ஏங் கையும் ராசியில்லாத கைதானா தாயி?" என்று அம்மா கேட்டாள்.

"கையில என்னத்தை இருக்கு? தண்ணில மருந்து. அம்புட்டுத்தான். எந்திரிங்க, சோறு வைக்கேன்."

அதற்கப்புறம் அம்மா வாயில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, வளைகாப்பும் வந்தது. கூடம் நிறையச் சொந்தக்காரப் பெண்கள். பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். நீங்களாகவே போய்க் கதவோரம் நின்றுகொண்டீர்கள். அம்மா வளையல் தட்டை எடுத்தாள். "மொத வளையலு எம் மருமக போடட்டும். வா தாயி" என்றாள். முணுமுணுத்தவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் வந்து என் கையில் முதல் வளையலைப் போட்டீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மதினி.

நீங்கள் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போதும் எந்த வளைகாப்புக்குப் போனாலும், கதவோரம் ஒதுங்கி நிற்கிறவள் யார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்து, வளையலை அதில் வைத்த பிறகுதான் நான் உட்காருகிறேன்.