இரண்டு முறை அணைந்த நட்சத்திரம்

பிரேசர் டவுன்,
டிசம்பர் 27

அன்பு மகள் பியாட்ரிசுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் வலது கையில் இரண்டு விரல்கள் நீங்கலாக. அம்மா போனில் சொல்லியிருப்பாள். பாதிதான் சொல்லியிருப்பாள்.

உன் அலமாரியில் இருந்த மலையேற்ற டார்ச்சை எடுத்தேன். அப்பா தொடக்கூடாது என்று நீ ஒட்டியிருந்த சீட்டையும் படித்தேன். வேறு வழியில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து நீ தூக்கிய கிறிஸ்துமஸ் நாடக நட்சத்திரத்தைப் போன வருடம் நான் தூக்கினேன் அல்லவா, வெளிச்சம் போதாமல், அதைப் பின்தொடர்ந்து வரும் சாஸ்திரிகள் மூவரும் பாலன் இயேசுவை விட்டுவிட்டு ஆட்டுமந்தைக்குக் காணிக்கை வைத்தார்கள். இந்த வருடமும் அப்படியானால் இனி அட்டை நட்சத்திரம் வேண்டாம், மேடை விளக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று டிரேவர் அங்கிள் கமிட்டியில் சொல்லிவிட்டார். நாடகத்தில் மூத்த சாஸ்திரியும் அவர்தான். நீ திரும்பி வரும்போது உன் நட்சத்திரம் இருக்க வேண்டாமா. எஸ்.பி. ரோட்டில் பெரிய எல்.இ.டி. ஒன்று வாங்கினேன். இதன் சூட்டை இந்த டார்ச் தாங்காது சார், ஒரு நிமிடத்துக்கு மேல் எரிக்காதீர்கள் என்று கடைக்காரர் கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். டார்ச்சின் பழைய பல்பைக் கழற்றி இதை ஈயத்தால் பற்றவைத்து, மின்சாரம் தாராளமாகப் போகட்டும் என்று அடி ஸ்பிரிங்கோடு ஒரு செம்புக் கம்பியும் சேர்த்தேன். சமையலறையில் போட்டுப் பார்த்தேன். மூன்று விநாடி. இது பெத்லகேமுக்கா ஏர்போர்ட்டுக்கா என்றாள் அம்மா. அதற்கு மேல் பரிசோதிக்கவில்லை.

நாடகத்தன்று சர்ச்சின் உள்மாடியில் நின்று, நட்சத்திரத்துக்குள் டார்ச்சைக் கட்டிய கம்பை நீட்டினேன். கீழே எல்லோர் முகமும் வெளிச்சத்தில் வெளுத்தது. சாஸ்திரிகள் நடந்தார்கள். ஒரு நிமிடத்தில் தங்கத் தாள் கருகும் வாசனை. கம்பை உள்ளே இழுத்து டார்ச்சைப் பிடித்து அணைத்தேன். விரல்களைச் சுட்டுக்கொண்டது அப்போதுதான். கீழே இருட்டு. டிரேவர் அங்கிள் தூக்கிய காலோடு நின்றுவிட்டார். பாடகர்கள் பாடிய சரணத்தையே மறுபடி பாடினார்கள். ஊதி ஊதி ஆறவைத்துப் போட்டேன், நடந்தார்கள். மறுபடி சூடு, அணைத்தேன், நின்றார்கள். இந்த முறை மூவரும் முழங்காலிட்டு ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வெளிச்சத்தில் ஓட்டமாக ஓடித்தான் பாலன் கிடந்த முன்னணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். போதகர் எழுந்து, வழி தெரியாதபோது நிற்கவும் தெரிய வேண்டும், நட்சத்திரம் இன்று அதைத்தான் காட்டியது என்று பத்து நிமிடம் பேசினார். டிரேவர் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன ஐடியா மேன், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். எல்லோரும் கை குலுக்கினார்கள். அதே கை. எனக்கும் கண்ணீர் வந்தது, அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

மேடை விளக்குப் பேச்சு போய்விட்டது. அடுத்த வருடமும் நட்சத்திரம் இரண்டு முறை அணைய வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம். நான் நேற்றே டார்ச்சுக்குள் சூட்டை இழுத்துக்கொள்ளத் தடித்த செம்புத் தகடு வைத்துவிட்டேன். இப்போது சுடுவதே இல்லை.

ஹெல்சின்கியில் மூன்று மணிக்கே இருட்டுகிறது என்றாய். வேறு டார்ச் வாங்கிக்கொள், அங்கே அதைத் திறந்து பார்க்க நான் இல்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போ. வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. கர்த்தர் உன் கூடவே நடப்பாராக. அடுத்த கிறிஸ்துமசுக்குக் கட்டாயம் வா, கம்பு உன் அறையில்தான் சாய்ந்திருக்கிறது. இரண்டு முறை அணைக்க மறக்காதே. ஏன் என்று யாராவது கேட்டால் விசுவாசம் என்று சொல்.

உன் டார்ச்சைத் தொட்ட,
அப்பா