அடித்துத் திருத்திய பக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கம்பெனியின் மென்பொருளால் எங்கள் மருத்துவமனையில் ஒருவருக்கு வேறொருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு போய்விட்டது. சர்க்கரையே இல்லாதவர் சர்க்கரை மாத்திரை விழுங்கி, மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அதற்காகப் பதிவு மேசையில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ அனுப்பிய போர்வையை இன்னும் பிரிக்கவில்லை. நீ வந்ததும் பிரிக்கலாமாம்.

உங்கள் மென்பொருள் வருமுன் இருந்த பழைய கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். இப்போதும் கேட்பது அதே பெயர், வயது, பரிசோதனைதான். ஆனால் புதிய பக்கம் திறக்க நான்கு நிமிடம் வட்டம் சுற்றுகிறது. போன மாதம் ஒரு பெரியவர், "ஏம்மா, நான் பொறந்த ஊருக்கே போய் விசாரிச்சிட்டு வருதா உன் பொட்டி?" என்றார். வரிசையே சிரித்தது. அவர் வெறும் வயிற்றோடு நின்றிருந்தார்.

உன்னிடம் புலம்பியபோது புதுக் கணினி வாங்கச் சொல் என்றாய். இங்கே நாற்காலிக்கே ஒரு கால் இல்லை என்றேன். அப்போதுதான் அந்த வழியைச் சொன்னாய்: முந்தினவரின் பக்கத்தை மூடாதே, அதன்மேலேயே அடுத்தவரின் விவரத்தை அடித்துவிடு. வரிசை ஓடியது. அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அன்று அவர் வயதை மாற்றினார், பரிசோதனையை மாற்றினார், பெயரை மாற்ற மறந்துவிட்டார்.

மெஷின் தப்புப் பண்ணாது, ஆள்தான் பண்ணும் என்கிறார் எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். உங்கள் கம்பெனி அறையின் புதுக் கணினியில் அந்தப் பக்கம் நொடியில் திறக்கிறது, அதோடு கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். இந்த மென்பொருள் கனத்துப்போச்சு, குறைக்கணும் என்று நீயே உன் மேலாளரிடம் சொன்னாயாம். புதுசா என்ன சேர்க்கலாம்னு மட்டும் யோசி என்றாராம். இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்.

அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் வேலை போகலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், அண்ணா. அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் பக்கம் திறக்கும் தாமதம் உங்கள் கம்பெனிக்குத் தெரியும் என்பதையும், அந்த வழியைச் சொன்னது நீதான் என்பதையும் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு. வியாழக்கிழமைக்குள் வரவேண்டும். அனுப்புவாயா?

உன் தங்கை