நாலு விரல் பாய்மரம்

நவம்பர் 1, வெள்ளி

காலையிலிருந்து மழை. பசை காயவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு கூடத்தில் இருந்தவர்கள்: நான், மாமி (என் மாமியார்), பெரிய மச்சான் (என் வீட்டுக்காரரின் அண்ணன்; வீட்டுக்காரர் இருப்பது சவூதியில், தம்மாமில்), அவர் மனைவி ஜுலைஹா லாத்தா, குடவாசலில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கும் ஹாஜியார். ஆக ஐந்து பேர். மேசை மேல் நான் மரத்தில் செய்த சின்னக் கப்பல்.

ஹாஜியார் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத்தனையும் நீங்களாம்மா செஞ்சீங்க? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"போன்ல பாத்துதான். மிச்சம் கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டது."

மண்டப வாசலில் வைக்கக் கேட்டார். மனதாரச் சம்மதித்தேன். 15ஆம் தேதி திறப்பு. கண்ணாடிக் கூண்டுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று பெரிய மச்சான் முந்திக்கொண்டார்.

என் நோட்டில் உள்ளபடி: இரண்டு பாய்மரத் தோணி. நிஜத்தில் நாற்பதில் ஒரு பங்கு. பதினான்கு மாதம். பலகை 312. மூங்கில் ஆணி 1,140, உடைந்தது தனி. பாய்க்கு என் பழைய துப்பட்டி. பலகை வளைக்க இட்லி குண்டானில் ஆவி. அந்தக் குண்டானுக்காக மாமி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நவம்பர் 9, சனி

மழை விட்டு விட்டு. நடவு மூழ்கிவிடுமோ என்று மாமிக்குக் கவலை. கறிவேப்பிலை தீர்ந்தது.

திருவாரூரிலிருந்து கூண்டு வந்தது. கப்பலைத் தூக்கி உள்ளே வைத்தோம். பெரிய பாய்மரம் மூடியை மீறி நிற்கிறது. நாலு விரல்.

"நாலு விரல்தானே, வெட்டிடலாம்," என்றார் பெரிய மச்சான். "யாரு அளந்து பாக்கப்போறா?"

"நான் அளந்துதான் செஞ்சிருக்கேன், மச்சான்."

"மரத்துக்கு இவ்ளோ ரோசமா?" இது மாமி.

லாத்தா கதவருகில் நின்றபடி: "அப்ப இவரு தொப்பையக் கொஞ்சம் வெட்டிக்கட்டும். சட்டை பொத்தான் போட வருதான்னு பாப்போம்."

மாமியே சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை.

நாலு விரல் என்றால் மூன்று அங்குலம். நாற்பதால் பெருக்கினால் பத்தடி. பத்தடி குறைந்த பாய்மரத்தில் அந்தப் பாய் ஏறாது. பாய் ஏறாவிட்டால் அது கப்பல் இல்லை, தொட்டி.

நவம்பர் 11, திங்கள்

அஸர் தொழுதுகொண்டிருக்கும்போது கப்பல் இருக்கும் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். தொழுகையை விடவில்லை. அவசரமும் படவில்லை. இரண்டு பக்கமும் சலாம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பெரிய மச்சான் கையில் ரம்பம். பாய்மரத்தில் பென்சில் கோடு.

"கைய எடுங்க மச்சான்."

"ஒன் வீட்டுக்காரன்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டான்."

"இதுல ஒரு ஆணியாவது அவரு அடிச்சாரா?"

இப்படிப் பேசியது கல்யாணமாகி இதுவே முதல் தடவை. பாய்மரத்தை அடியோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரிசி டிரம்மில், அரிசிக்குள் நிற்கிறது. ஈரமும் ஏறாது, ரம்பமும் வராது.

வீட்டுக்காரர் தம்மாமிலிருந்து போன் செய்தார். "விடு புள்ள, அண்ணன் வாக்கு குடுத்துட்டாரு. வேற ஒண்ணு செஞ்சுக்கயேன்."

"வேற ஒண்ணு செய்வேங்க. இத வெட்ட மாட்டேன்."

பிறகு அங்கே வெயில் எப்படி என்று சொன்னார்.

கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வெயில். பத்து மணி பஸ்ஸில் திருவாரூர். யாரிடமும் கேட்கவில்லை. மாமியிடம் சொல்லிக்கொண்டு மட்டும் போனேன். பாய்மரம் துண்டில் சுற்றி மடியில்.

கண்டக்டர்: "என்னம்மா, தூண்டிலா?"

"பாய்மரம்."

"அப்ப எதுக்கு பஸ்ஸு!"

கண்ணாடிக் கடைக்காரரிடம் உயரம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மூணு சாண்னு போன்ல சொன்னாங்க. அளந்துதான் அறுத்தேன்." கையை விரித்துக் காட்டினார். சின்ன மனிதர், சின்னக் கை. பெரிய மச்சானுக்கு முறம் மாதிரிக் கை. அவர் மூன்று சாணும் இவர் மூன்று சாணும் எப்படி ஒன்றாகும்? அங்கேயே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"மேல்பக்கத்த ஒசத்திடலாம்மா. ரெண்டு நாள் போதும். ஆனா ஹாஜியார் பேர்ல ஆர்டரு, அவரு ஒரு வார்த்த சொல்லணும்."

ஹாஜியார் எண் திறப்பு விழா அழைப்பிதழிலேயே இருக்கிறது. நடுவில் எதற்கு அண்ணன், தம்பி என்று இரண்டு ஆண்கள்? வீட்டுக்கு வந்ததும் போனில் மெசேஜ் எழுதி, லாத்தாவிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். "அனுப்பு, இவர நான் பாத்துக்கறேன்" என்றார். அனுப்பியது அப்படியே:

அஸ்ஸலாமு அலைக்கும். கப்பல் செய்த ஃபரீதா, கீழ்வேளூரிலிருந்து எழுதுகிறேன். கூண்டு நாலு விரல் குட்டையாக வந்துவிட்டது. கப்பல் சரியான அளவில்தான் இருக்கிறது. பாய்மரத்தை வெட்ட நான் சம்மதிக்கவில்லை. கூண்டை உயர்த்தித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், உங்கள் வார்த்தை வேண்டுமாம். உயர்த்தினால் கப்பலை நானே கொண்டுவந்து பாய்மரம் நட்டுத் தருவேன். இல்லையென்றால் கப்பல் என் வீட்டிலேயே இருக்கும், வருத்தமில்லை. எதுவென்று நாளை மதியம் லுஹர் தொழுகைக்குள் பதில் சொல்லுங்கள்.