யாருடன்

பிஸ்த்ரிட்சா
3 நவம்பர் 1986

அன்புள்ள நெஷாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏரிக்கரை ஹோட்டல் வெள்ளிக்கிழமையே மூடியாகிவிட்டதாமே. ஆறு மாதமாக அங்கேயே தங்கி வேலை பார்த்துவிட்டு, நேராக வீட்டுக்கு வராமல், சோச்சாவில் இருக்கும் உன் தோழி இவாங்காவைப் பார்க்க மலை தாண்டி நடந்தே போகிறேன் என்கிறாய். பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? நவம்பரில் யார் மலையில் நடப்பார்கள்? புதிதாகச் சிவப்புக் குல்லா வேறு வாங்கியிருக்கிறாய் என்று என் தம்பி மத்தியா சொன்னான்.

சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பாதை என்று மட்டும் எழுது. மழை வந்தால் மனசு அடித்துக்கொள்ளும், அதற்காகத்தான்.

உன் நினைவாகவே இருக்கும்,
லோவ்ரோ


ஏரிக்கரை
5 நவம்பர்

அன்புள்ள லோவ்ரோ,

மே முதல் அக்டோபர் வரை அடுத்தவர்களின் விடுமுறைக்குப் படுக்கை விரிக்கிறேன். என் விடுமுறை நவம்பரில்தான் வரும். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அருவியடியிலிருந்து ஏறுகிறேன். கோம்னா காடு, கணவாய், அப்புறம் லெபேனா பக்கமாக இறக்கம். குல்லா சிவப்பாக இருப்பது, வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க.

அலமாரியில் ஆப்பிள் அழுகும் முன் சாப்பிடு.

அன்புடன்,
நெஷா


சோச்சா
8 நவம்பர்

லோவ்ரோ,

வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அருவிக்கு மேலே காட்டுப் பீச் மரங்கள் மொட்டையாக நின்றன. முழங்கால் வரை சருகு. அதில் கால் வைத்தால் மலைக்கே கேட்கும். அதனால்தான் எனக்கும் கேட்டது. நான் நின்ற பிறகு, கீழே யாரோ இன்னும் இரண்டடி எடுத்து வைத்தார்கள். நடந்தால் அதுவும் நடந்தது, நின்றால் நின்றது. முதலில் கரடி என்று நினைத்தேன். கரடி எதற்கு எனக்காகக் காத்து நிற்கிறது? ஒரு பாறைமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் ரொட்டி தின்றேன். வழிப்போக்கன் என்றால் வணக்கம் சொல்லித் தாண்டிப் போயிருப்பான். ஒருவரும் வரவில்லை.

கோம்னா விடுதியில் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். கத்தினாலும் கேட்க ஆளில்லை. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு விறகு அடுக்குக்குப் பின்னால் பதுங்கினேன். ஆள் வந்தான். நான் கையை ஓங்கினேன்.

“அண்ணி! கல்லைக் கீழ போடுங்க! நான்தான், மத்தியா!”

உன் தம்பியேதான். மில் வேலைக்குப் போட்டுப் போகும் அடி தேய்ந்த பூட்ஸ், தொப்பலாக நனைந்த காலுறை.

“நீ எங்கடா இங்க?”

“சும்மாதான் அண்ணி… காத்து வாங்கலாம்னு.”

“இவ்வளவு தூரம் ஏறியா காத்து வாங்குவ? ரொட்டிக்கடைக்குப் போய்ட்டு வந்தாலே உனக்கு மூச்சு வாங்குமே!”

சிரிக்கப் பார்த்தான், அழுதுவிட்டான். “அண்ணன்தான் அனுப்பிச்சாரு. யாரோட போறான்னு பாத்துட்டு வாடான்னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி.”

கழுத்தில் உன் பைனாகுலர். சட்டைப்பையில் நீ கட்டம் போட்டுக் கொடுத்த தாள்: மணி, இடம், யாருடன். “8.50, வளைவு. 9.20, பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.” மூன்றாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி.

திரும்பிப் போகச் சொன்னேன். “சோச்சா வரைக்கும் பாக்காம போனா அண்ணன் விடமாட்டாரு” என்றான்.

“அப்ப பின்னால வராத. கூட வா.”

காய்ந்த காலுறையும் சூடாகத் தேநீரும் கொடுத்தேன். கணவாயில் கணுக்கால் அளவு பனி. என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்தப் பக்கம் இறங்கும்போது லார்ச் மரங்கள் பனியின்மேல் மஞ்சள் ஊசிகளை உதிர்த்திருந்தன. எத்தனை நாளாகப் பார்க்க ஆசைப்பட்டது! மூன்று முறை விழுந்தவனைத் தூக்கிவிடுவதில் அதுவும் போயிற்று. லெபேனா வந்தபோது நாலரை, வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். இன்று காலை இவாங்கா அவனைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியை நான் நிரப்பினேன்: “4.30, லெபேனா, உன் தம்பியுடன்.”

காட்டில் பயந்ததுகூட மறந்துவிடும். அந்தக் கட்டங்களை ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாயே, லோவ்ரோ.

நெஷா


பிஸ்த்ரிட்சா
11 நவம்பர்

என் அன்பு நெஷா,

என்னை மன்னித்துவிடு. எனக்கே வெட்கமாக இருக்கிறது. உன்மேல் உயிரையே வைத்திருப்பதால் வந்த புத்தி இது. மத்தியா உன்னைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறான், என்னோடுதான் பேசுவதில்லை. அடுப்புக்கு விறகு பிளந்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

ஒன்றே ஒன்று. வந்த அன்றைக்கு மத்தியா, உன் பையில் இரண்டு குவளை இருந்தது என்றான். தனியாக நடப்பவளுக்கு இரண்டு எதற்கு? சந்தேகமில்லை, தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

ஞாயிறு பஸ்ஸுக்கு வழிபார்த்து நிற்கும்,
உன் லோவ்ரோ


சோச்சா
14 நவம்பர்

லோவ்ரோ,

ரொட்டிக்கடையில் ஏன் பத்து நிமிடம், பாதிரியார் ஏன் சிரித்தார், தபால்காரர் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பத்தொன்பது வருடமாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். குவளைக்கும் பதில் இருக்கிறது. சொன்னால் நம்புவாய், ஒரு வாரம்வரை. அதனால் சொல்லப்போவதில்லை.

இங்கே பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஆள் கேட்டார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன். உன்மேல் கோபம் இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நடக்கப் போகிறேன். எந்தப் பாதை என்று எழுதவில்லை.

நெஷா