இன்னும் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம்

இன்று வெங்காயத்தில் ஊற்ற வினிகர் பாட்டிலைத் திறந்தேன். லேப் அசிட்டிக் அமிலத்தின் அதே புளிப்பு நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். வடக்கே நாம் குடியிருந்த தாபோடியிலிருந்து ஒன்றாக வேலைக்குப் போய்வந்த அந்த ஆஸ்பத்திரி லேப், எரிகிற ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் நீ.

எண்பதுகளின் தொடக்கம். வேலை நிரந்தரமாவதற்கான மருத்துவப் பரிசோதனை. உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதமும் இருந்தால் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். உன் சிறுநீரை நான்தான் சூடாக்கினேன். சோதனைக்குழாயின் மேல்பாதி வெள்ளையாகத் திரண்டது. புரதம் இருந்தால் அப்படித்தான் திரளும், பாஸ்பேட் உப்பு இருந்தாலும் திரளும்.

"ஏட்டி, அது பாஸ்பேட்டு. ஒரு சொட்டு ஆசிட் விடு, போயிரும்" என்றாய். விட்டேன். போகவில்லை. இன்னொரு சொட்டு என்றாய். பாஸ்பேட் என்றால் அப்போதே கரைந்திருக்கும் என்று லேப்காரிகளான நமக்குத் தெரியாதா? அளவுக்கு மீறி அமிலம் விட்டால் புரதமும் கரைந்துபோகும் என்பதும் தெரியும். நீ டிராப்பரைப் பிடுங்கி விட்டுக்கொண்டே இருந்தாய். கலங்கல் தெளிந்தது. "ஹோ கயா, முடிஞ்சுது. புரதம் இல்லன்னு எழுது" என்று சிரித்தாய். எழுதினேன்.

வேலை நிரந்தரமானது, கேம்ப் கடைத்தெருவில் எனக்கு ஐஸ்கிரீம் மிதக்கிற மஸ்தானி வாங்கிக் கொடுத்தாய். தலைவலி வந்தால் டென்ஷன் என்றாய். ரத்த அழுத்த மாத்திரை போடுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, போடாமலே விட்டாய். சில வருடங்களில் காலும் முகமும் வீங்கி, சிறுநீரகம் இரண்டும் போயின. உன் அடக்கத்தில் எல்லோரும் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். நான் ஆமென் சொல்லவில்லை. இன்றும் சொல்ல மாட்டேன். அது நாம் இருவரும் செய்தது.

என் அண்ணன் மகள் இப்போது சிறுநீரக ஆராய்ச்சி செய்கிறாள். ரத்த அழுத்தத்தில் அடிபடும் செல்கள், நம் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத நுண்பைகளை உதிர்க்கின்றனவாம். பழுதின் சேதி அவற்றுக்குள் இருக்குமாம். சில பைகள் பக்கத்துச் செல்லுக்கும் கெடுதலைக் கொண்டுபோகுமாம். சிறுநீரை மெஷினில் சுழற்றி, அடியில் படிந்ததை மட்டும் பார்த்துவிட்டு மேல்நீரைக் கொட்டினோமே, அதில்தான் அவை இருந்தனவாம். அப்போது யாருக்கும் தெரியாதே அத்தை என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அதைத் தெரியாமல் கொட்டினோம். கண்முன் வெள்ளையாக நின்றதைத் தெரிந்தேதான் மறைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரத்த அழுத்தக் கருவியோடு சர்ச் வாசலில் உட்காருகிறேன். போன மாதம் ஒருத்தி, "கொஞ்சம் குறைச்சு எழுதுங்க ஆன்ட்டி, வீட்டுல திட்டுவாங்க" என்றாள். உள்ளதை எழுதி, நானே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள், என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். நீயும் அப்படி உயிரோடு இருந்து என்னோடு பேசாமல் இருந்திருக்கலாம்.