ஏழாம் இலக்கத்தின் முதுகு

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. எலிக்கூடுகள் கழுவ இன்று என் முறை. உமி மாற்றியாச்சு. தண்ணீர்ப் போத்தல் இரண்டு ஒழுகுது.

பத்து எலிகளுக்கு வேற்று இனத்து எலியின் தோல் ஒட்டினோம். ஒன்பதில் கறுத்து உதிர்ந்துவிட்டது. கொடுக்கிற இனத்தின் எலும்பு மச்சையை முதலில் ஊசியால் ஏற்றினால், பிறகு ஒட்டுகிற தோலை உடம்பு தன்னுடையது என்று நினைக்குமாம். ஆய்வுகூடத்தை நடத்துகிற சேரின் கணக்கு அது. ஒன்பது உடம்பும் நினைக்கவில்லை. 7ஆம் இலக்க எலி மட்டும் நினைத்தது. நாள் 31. எதிர்ப்பை அடக்குகிற மருந்தே இல்லை. ஒட்டின துண்டில் மயிர்கூட முளைக்குது.

ஊருக்கு, முரசுமோட்டைக்குக் கோல் எடுத்தேன். அண்ணா வரம்பில் குந்தியிருக்கிறாராம்.

"கிரியேட்டினின் திரும்ப ஏறிட்டுது. டயலிசிஸ் எண்டுறார் டொக்டர். நான் மாட்டன். உன்ர ஏழு எப்பிடி?"

"நிக்குது அண்ணா."

"அப்ப பாப்பம்."

இவரிடம் ஏன் அந்த எலியைப் பற்றிச் சொன்னேன்? வாய்க்கொழுப்பு.

அவருக்குள் இருப்பது என் இடது சிறுநீரகம். முப்பது வருசம் என்னிடம் முறைப்பாடில்லாமல் வேலை செய்தது. இவ்வளவு மருந்து விழுங்கியும் அண்ணாவின் உடம்பு அதைத் துரத்துகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாங்கள்.

மார்ச் 6, புதன்

கரண்ட் இல்லை, இரண்டு மணித்தியாலம். எலி அறையில் வெக்கை, நாற்றம்.

சேர் 7ஐப் பார்த்துச் சிரித்தார். நான் வேலைக்கு வந்து முதல் தடவை. "வெள்ளிக்கிழமை இதை வெட்டி உள்ளுக்குப் பாப்பம்." தோல் சரியென்றால் அடுத்தது எலிக்குச் சிறுநீரகமாம். மனிசருக்கு வர எத்தனை வருசமோ. தெரியும். தெரிந்தும் வவுனியா பஸ்ஸில் இருந்தபடி அண்ணாவுக்கு அப்போது எத்தனை வயதாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். விசரி.

வாங்க: சவர்க்காரம், குடைக்கம்பி, அண்ணாவுக்கு உப்பில்லாத பிஸ்கட்.

மார்ச் 8, வெள்ளி

கத்தி, தட்டு எல்லாம் தயார். கூடு பார்க்கிற லெட்சுமி அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றா.

"அத வெட்டாதீங்க மிஸ்."

"வெள்ளிக்கிழமை எண்டோ அக்கா? நாளைக்குச் செய்வம்."

"அதில்ல மிஸ். அது இந்தக் கூட்டுக் குட்டியே இல்ல."

அழுதழுது சொன்னா. கார்த்திகையில், தோல் கொடுக்கிற இனத்தில் ஒரு குட்டி மட்டும் மிஞ்சியது. தனியாக வைத்திருக்கக்கூடாது, முடித்துவிடுங்கோ என்று நான்தான் சொன்னேன். அவாவுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே பக்கத்துக் கூட்டில் ஒன்று செத்திருக்கிறது. எல்லாம் வெள்ளை. காதில் அடையாளம் வெட்ட முந்தின கிழமை. செத்ததை எடுத்துவிட்டு இதை அந்தக் கூட்டில் விட்டிருக்கிறா. தனிக்குட்டி முடிந்தது என்று கொப்பியில் எழுதியது என் கையெழுத்து.

"தனியா கெடந்து கத்துச்சு மிஸ். முகாம்ல நான் தனியா கெடந்தப்ப யாரோ ஒரு குடும்பந்தான் எங்களோட இரு புள்ளன்னு சேத்துக்கிட்டாங்க."

ஆக, 7க்கு ஒட்டியது அதன் சொந்த இனத்துத் தோல். இந்த எலிகள் ஓர் இனத்துக்குள் அச்சு அசல் ஒன்று. யாருடையதும் யாருக்கும் ஒட்டும். வேற்று இனத்துத் தோலை எந்த உடம்பும் ஏற்கவில்லை.

திட்டத்தான் நினைத்தேன். 7ஐத் திரும்பக் கூட்டில் விட்டேன். ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தது.

சேரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பத்தும் போச்சு."

மார்ச் 9, சனி

மழை. உடுப்பு காயவில்லை. லெட்சுமி அக்கா வேலைக்கு வரவில்லை.

அண்ணாவைக் கேட்காமலே டயலிசிஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். செவ்வாய், காலை ஆறு மணி. சொல்லத்தான் கோல் எடுத்தேன். அவர் முந்திவிட்டார்.

"ஏழு நிக்குதோ?"

அவருடைய தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"நிக்குது அண்ணா."

"பாத்தியே! நான் சொன்னனான். இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பம், டயலிசிஸ் ஒண்டும் வேண்டாம்."

குரலில் எவ்வளவு சந்தோசம். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.